பழைய சிறுசரக்கு மோட்டார் வண்டி வாங்குதல்
காந்தி மார்க்கெட்டுக்கு விளைபொருள் கொண்டு செல்லும் விவசாயிகள் கவனிக்க வேண்டிய விஷயங்கள்

விளைவிப்பது பாதி, விற்பது பாதி என்பதை நம் விவசாயிகள் அனுபவத்தில் அறிவார்கள். எத்தனை பாடுபட்டுப் பயிர் செய்தாலும், அறுத்த பொருள் வாடாமலும் நசுங்காமலும் உரிய வேளையில் மண்டிக்குப் போய்ச் சேராவிட்டால் கிடைக்க வேண்டிய விலை கிடைப்பதில்லை. திருச்சிராப்பள்ளி காந்தி மார்க்கெட் 1868-ம் வருஷத்தில் ஏற்பட்டு, 1927-ம் வருஷத்தில் விஸ்தரிக்கப்பட்டு, காந்தியடிகளின் பெயரைப் பெற்றது. அங்கே மொத்த வியாபாரம் இரவிலும் விடியற்காலையிலும் நடைபெறுவது வழக்கம். லால்குடி, முசிரி, துறையூர், மணப்பாறை முதலிய பகுதிகளிலிருந்து செல்லும் சரக்கு பொழுது விடிந்தபின் போய்ச் சேர்ந்தால், வாங்குவோர் கலைந்த பிறகு கடை விரித்த கதையாக முடியும்.

வாடகை வண்டியை நம்பியிருப்பவர்கள் வண்டிக்காரன் வரும் வேளைக்குத் தங்கள் அறுவடையை அமைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இந்தத் தொல்லையை உத்தேசித்தே, சொந்தத்தில் ஒரு சிறுசரக்கு மோட்டார் வண்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு உண்டாகிறது. புது வண்டியின் கிரயம் அதிகமாகையால், பழைய வண்டியையே அநேகர் நாடுகிறார்கள். நல்ல பழைய வண்டி குடும்பத்திற்கு ஒரு ஜோடி உழவு மாட்டைப்போல் உதவும். கெட்ட வண்டியோ வட்டியையும் முதலையும் விழுங்கிவிட்டுக் களத்து மேட்டில் நிற்கும். ஆகையால் வாங்குமுன் ஆராய வேண்டிய விஷயங்களை இங்கே முறையாக எடுத்துக் கூறுவோம்.

1. வண்டி அவசியமா என்று முதலில் கணக்கிடுதல்

வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன் காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்குப் பார்ப்பது உத்தமம். உதாரணமாக, ஒரு பழைய வண்டியை 3,00,000 ரூபாய்க்கு வாங்கி, நான்கு வருஷம் ஓட்டி, 1,60,000 ரூபாய்க்கு விற்பதாக வைத்துக்கொள்வோம். தேய்மானம் வருஷத்திற்கு 35,000 ரூபாய். போட்ட முதலுக்கு 10 சதவிகித வட்டி 30,000 ரூபாய். இன்சூரன்ஸ், வரி, எப்.சி. ஆகியவற்றிற்கு 35,000 ரூபாய். டயர், பழுதுபார்ப்பு ஆகியவற்றிற்கு 40,000 ரூபாய். ஆக, வருஷத்திற்கு 1,40,000 ரூபாய் ஆகிறது. இதில் பெரும்பகுதி, வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் கொடுத்தே தீர வேண்டிய செலவாகும்.

இனி நடைச் செலவைப் பார்ப்போம். முசிரிப் பகுதியிலிருந்து மார்க்கெட்டுக்குச் சுமார் 40 கிலோமீட்டர், போகவர 80. லிட்டருக்கு 16 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு 5 லிட்டர் டீசல் வேண்டும். லிட்டர் 95 ரூபாய் என்று கொண்டால் 475 ரூபாய். டிரைவர் கூலி 500 ரூபாய். அதே நடைக்கு வாடகை வண்டி 2,000 ரூபாய் கேட்பதாயின், சொந்த வண்டியில் ஒரு நடைக்கு 1,025 ரூபாய் மிச்சமாகும். இந்த மிச்சத்தால் 1,40,000 ரூபாயை ஈடுசெய்ய வருஷத்திற்குச் சுமார் 137 நடை தேவை. வீட்டுப் பிள்ளையே ஓட்டினால் சுமார் 92 நடை போதும்.

இந்தத் தொகைகள் வழிகாட்டுவதற்காகச் சொல்லப்பட்டவை. ஒவ்வொருவரும் தம் ஊர் வாடகையையும் தூரத்தையும் போட்டுக் கணக்கைத் திருப்பிப் பார்க்க வேண்டும். தினந்தோறும் கத்தரி, வெண்டை, கீரை, பூ ஆகியவற்றை அனுப்புகிறவருக்கு வருஷத்தில் 200 நடைக்குமேல் வரும். அவர் வண்டி வாங்குவது நியாயம். வருஷத்தில் இரண்டு மாதம் மட்டும் சரக்கு உள்ளவருக்கு வாடகை வண்டியே லாபம். இரண்டு மூன்று பங்காளிகளோ அண்டை நிலத்தாரோ கூட்டாக வாங்குவதும் நல்ல வழியே. ஆனால் வண்டி யார் பெயரில் இருப்பது, பழுதுச் செலவை எப்படிப் பகிர்வது, ஒரே நாளில் இருவருக்கும் தேவைப்பட்டால் யார் முந்துவது என்பவற்றை முதலிலேயே எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2. சரக்குக்கு ஏற்ற வண்டி

சிறுசரக்கு வண்டிகளில் நம் பக்கத்தில் மிகவும் பழக்கமானது 2005-ம் வருஷத்தில் வெளிவந்த டாடா ஏஸ். ஜனங்கள் இதைக் ‘குட்டி யானை’ என்று அழைக்கிறார்கள். ஆரம்பத்தில் வந்தவை சுமார் 700 சி.சி. அளவுள்ள இரண்டு சிலிண்டர் டீசல் இன்ஜின் உடையவை. சுமார் முக்கால் டன் ஏற்றக்கூடியவை. ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த் 2011-ம் வருஷத்தில் வந்தது. அது மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின் கொண்டது. சுமார் ஒன்றேகால் டன் வரை ஏற்றும். மாருதி சூப்பர் கேரி 2016-ம் வருஷத்தில் வந்தது, பெட்ரோல், சி.என்.ஜி. வகைகள் சந்தையில் உள்ளன. இவற்றிலும் பெரியது மஹிந்திரா பொலேரோ பிக்கப். குடும்பத்தாரும் ஏறிச் செல்ல வேண்டுமென்று கருதுவோர் இரண்டு வரிசை ஆசனமுள்ள பொலேரோ கேம்பர் போன்றவற்றைப் பார்க்கலாம்; ஆனால் ஆசனம் கூடினால் சரக்கு வைக்கும் தளம் குறையும்.

எந்த வண்டி தகுந்தது என்பதைச் சரக்கின் எடையே தீர்மானிக்கும். பெட்டியோடு 27 கிலோ நிறையுள்ள தக்காளிப் பெட்டிகளை முக்கால் டன் வண்டியில் 27-க்குமேல் ஏற்றக்கூடாது. 60 கிலோ வெங்காய மூட்டையானால் 12. வாழைத்தார் சராசரி 15 கிலோ என்றால் 50 தார். ஏக்கருக்கு ஏறக்குறைய 1,000 வாழை வைத்திருப்பவர், 15 டன் சரக்கை இவ்வண்டியில் கொண்டு போக 20 நடை போக வேண்டும். தோட்டம் முழுவதையும் சில நாட்களில் வெட்டுகிறவர்கள் பெரிய லாரிக்கு வாடகை கொடுப்பதே சிக்கனம். முதிர்ந்த தாரைப் பார்த்துப் பார்த்து வெட்டி அனுப்புகிறவர்களுக்குத்தான் சிறுவண்டி பொருந்தும்.

ஒரு வண்டி எவ்வளவு ஏற்றலாம் என்பதை விற்பவர் வாய்ச்சொல்லால் அறிய வேண்டியதில்லை. ஆர்.சி.யில் வெற்று வண்டியின் எடையும், சரக்கோடு சேர்ந்த மொத்த எடையும் குறிக்கப்பட்டிருக்கும். பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் வருவதே அனுமதிக்கப்பட்ட பளு. டிரைவரின் எடையும், பின்னால் சேர்த்துக் கட்டிய இரும்புக் கூண்டின் எடையும் இதற்குள் அடங்க வேண்டும். கனமான கூண்டு கட்டிய வண்டியை ஒருமுறை எடைமேடையில் ஏற்றிப் பார்த்துவிடுவது நலம்.

எரிபொருளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6 விதி அமலுக்கு வந்தது. அதற்குப் பின் வந்த டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைத் தடுக்கும் வடிகட்டி உண்டு. குறைந்த தூரமே மெதுவாக ஓடும் வண்டியில் அது அடைத்துக்கொள்ளும். மாற்றும் செலவும் அதிகம். ஆகவே ஊருக்குள்ளேயே ஓடிய பி.எஸ்.-6 டீசல் வண்டியானால், எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். சி.என்.ஜி. வண்டியானால் சிலிண்டர் மூன்று வருஷத்திற்கொருமுறை சோதிக்கப்பட்ட சான்று இருக்க வேண்டும்.

3. வண்டியைப் பரிசோதித்தல்

மணப்பாறைச் சந்தையில் மாடு பிடிக்கிறவர் பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டும் பார்ப்பார். தரகன் துண்டுக்குள் விரலைப் பிடிப்பது அதற்குப் பிறகுதான். மோட்டார் வண்டிக்கும் அதே முறை பொருந்தும். பார்க்கச் செல்வது காலை வேளையாகவும், இன்ஜின் குளிர்ந்திருக்கும் சமயமாகவும் இருக்கட்டும். முன்கூட்டியே ஓட்டிச் சூடாக்கி வைத்த வண்டி தன் குறையை மறைத்துவிடும். நம்பிக்கையுள்ள மெக்கானிக் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்வது வீண்செலவன்று.

சேஸிஸ்: முதலில் வண்டியின் அடியில் பார்க்க வேண்டும். நீண்ட இரும்புச் சட்டத்தில், முக்கியமாக விற்பட்டைகள் மாட்டியிருக்கும் இடங்களில், வெடிப்போ வெல்டிங் வைத்த தழும்போ இருந்தால் அவ்வண்டியை விட்டுவிடுவது மேல். கம்பெனி வைத்த எண்ணிக்கைக்குமேல் விற்பட்டை சேர்த்திருந்தால், அளவுக்கு மீறிய பளு சுமந்த வண்டி என்பதற்கு அதுவே சாட்சி.

சரக்குத் தளம்: காய்கறிகளிலிருந்து வடியும் நீரும், உரமும், உப்பு நீர் சொட்டும் மீன்கூடைகளும் தகட்டை அரித்துவிடும். மேலே புதுப் பெயிண்ட் பளபளப்பதைக் கண்டு மயங்காமல், அடிப்புறத்தில் சுத்தியால் மெல்லத் தட்டிப் பார்க்க வேண்டும். மந்தமான ஓசை வருமிடத்தில் துரு உள்ளே பரவியிருக்கும்.

இன்ஜின்: குளிர்ந்த நிலையில் எளிதில் புறப்பட வேண்டும். நீலப்புகை இன்ஜின் ஆயில் எரிவதையும், ஓயாத வெண்புகை பெரும்பாலும் தண்ணீர் உள்ளே கசிவதையும், கரும்புகை எரிபொருள் சரியாக எரியாததையும் காட்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் பால்போன்ற கசண்டு ஒட்டியிருப்பின் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது அம்மூடி வழியே புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங்குகள் தேய்ந்தவை.

கிளட்ச், கியர், பிரேக்: பாரத்தோடு மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் இரைச்சல் கூடியும் வேகம் கூடாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. கியர் தானாக நழுவக்கூடாது. பிரேக் பிடித்தால் வண்டி ஒருபக்கம் இழுக்கக்கூடாது. வெற்று வண்டியை ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைவது போதாது. நாலைந்து மூட்டையாவது ஏற்றி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

டயர்: பக்கவாட்டில் பொறித்த நான்கு இலக்கங்கள் தயாரான வாரத்தையும் வருஷத்தையும் தெரிவிக்கும், 2319 என்றால் 2019-ம் வருஷத்து 23-வது வாரம். பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. ஒருபுறம் மட்டும் தேய்ந்திருந்தால் அச்சோ சேஸிஸோ கோணியிருக்கலாம்.

ஓடிய தூரம்: மீட்டரில் காணும் எண்ணை அப்படியே நம்புவதற்கில்லை, அதைக் குறைத்து வைப்பவர்கள் உண்டு. பெடல் ரப்பரும், ஸ்டியரிங் வளையமும், டிரைவர் ஆசனமும் நைந்திருக்க மீட்டர் மட்டும் இளமையாக இருந்தால், மீட்டர் பொய் சொல்கிறது. சர்வீஸ் சீட்டுகளைக் கேட்டு வாங்கித் தேதியோடு ஒப்பிட வேண்டும்.

வெள்ளம்: 2015-ம் வருஷத்திலும் 2023 டிசம்பரிலும் சென்னை முதலிய இடங்களில் பெருவெள்ளம் வந்தது. நீரில் மூழ்கிய வண்டி வெளிப்பார்வைக்குச் சுத்தமாயிருக்கும். ஆசனத்தின் அடியிலும், விளக்குக் கூட்டுக்குள்ளும், வயர் இணைப்புகளிலும் வண்டல் படிந்திருக்கிறதா, துரு பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்தால் உண்மை வெளியாகும்.

கண்ட குறைகளையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றையும் சரிசெய்ய ஆகும் செலவை மெக்கானிக்கிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, அத்தொகையைக் கழித்தே விலை பேச வேண்டும்.

4. தஸ்தாவேஜுகள்

நிலம் வாங்குகிறவர் வில்லங்கம் பார்க்காமல் முன்பணம் கொடுப்பதில்லை. வண்டிக்கும் வில்லங்கம் உண்டு. ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு இலக்கத்துக்கு இலக்கம் ஒத்திருக்க வேண்டும். பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொண்டு பதிவு, எப்.சி., இன்சூரன்ஸ், நிலுவையிலுள்ள அபராதச் சலான் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளலாம். பைனான்ஸ் கம்பெனியின் கடன் ஆர்.சி.யில் குறிக்கப்பட்டிருந்தால், கடன் தீர்ந்ததாகக் கம்பெனி தரும் கடிதமும், அதை நீக்குவதற்கான 35-ம் நம்பர் பாரமும் கைக்கு வந்தபின்பே பாக்கித் தொகை கொடுக்க வேண்டும்.

சரக்கு வண்டிக்கு எப்.சி. இன்றியமையாதது. வண்டி எட்டு வருஷம் ஆகும்வரை இரண்டு வருஷத்திற்கொருமுறையும், அதன்பின் வருஷந்தோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். ஆகவே எட்டு வருஷத்தைத் தாண்டிய வண்டியின் குறைந்த விலையைக் கண்டு மகிழ்வோர், வருஷாவருஷம் எப்.சி.க்குத் தயார் செய்யும் செலவையும் சேர்த்துப் பார்க்கக் கடவர். பதினைந்து வருஷத்தை நெருங்கிய வண்டியை அடிமட்ட விலைக்குக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டும்.

மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்கு 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி பெர்மிட் தேவையில்லை. அதற்கு மேற்பட்டால் பெர்மிட் வேண்டும். இலகுரக வாகன லைசென்ஸ் உடையவர் 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2017-ம் வருஷத்தில் தீர்ப்பளித்து, 2024 நவம்பரில் அதை உறுதிப்படுத்தியது.

வாங்கியபின் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடலாகாது. ஒரே ராஜ்யத்திற்குள் விற்றவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்கியவர் 30 நாட்களுக்குள்ளும் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்கு 29, 30-ம் நம்பர் பாரங்கள் உள்ளன. இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்ற மனுச் செய்ய வேண்டும். விற்பவருக்கும் இதில் பெரும் பொறுப்பு உண்டு. ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்டத்திற்குப் பொறுப்பாளி என்று சுப்ரீம் கோர்ட்டு 2018-ம் வருஷத்தில் தீர்மானித்திருக்கிறது. கையெழுத்திட்ட வெற்றுப் பாரத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை அனுப்பியவர், அதன்பின் மூன்று கை மாறி எங்கோ நடந்த விபத்துக்காகக் கோர்ட்டில் நிற்க நேரிடலாம்.

5. ஆட்களை ஏற்றுதல்

எல்லாவற்றிலும் முக்கியமான விஷயம் இனிக் கூறுவதாகும். அறுவடை நாட்களில் களையெடுக்கவும் காய் பறிக்கவும் கூலியாட்களைச் சரக்குத் தளத்தில் நிற்க வைத்துக் கொண்டு செல்லும் வழக்கம் பல கிராமங்களில் இருக்கிறது. சரக்கு மூட்டைகளின்மேல் உட்கார்ந்து வருவோரும் உண்டு. வண்டி ஒரு பள்ளத்தில் குலுங்கினால் பிடித்துக்கொள்ள அவர்களுக்கு எதுவும் இல்லை.

சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ சரக்கோடு வண்டியில் சென்றால் இன்சூரன்ஸ் பொறுப்பேற்க வேண்டுமென்று 1994-ம் வருஷத்துத் திருத்தம் கூறுகிறது. வண்டிக்குரிய சுமையாட்களுக்கும் பாலிசியில் கண்ட எண்ணிக்கை வரை பாதுகாப்பு உண்டு. ஆனால் சரக்கு வண்டியில் இலவசமாக ஏற்றிச் செல்லும் மற்றப் பிரயாணிகளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி கட்டுப்படாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2002-ம் வருஷத்தில் தீர்ப்பளித்தது. அதாவது, பத்துப் பெண்களை ஏற்றிச் செல்லும் வண்டி கவிழ்ந்தால், இறந்தவர்களின் குடும்பத்திற்குரிய நஷ்டஈடு வண்டிக்காரரின் நிலத்தின்மேல் வந்து விழும். தாயை இழந்த பிள்ளைகளுக்கு எந்தத் தொகையும் ஈடாகாது என்பது அதனினும் பெரிது. வண்டிச் செலவைக் கணக்கிடும்போதே ஆட்கள் போகவர பஸ் சார்ஜையோ ஆட்டோ வாடகையையோ சேர்த்துக் கணக்கிடுவதே முறை. கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் அறுவடை தொடங்குமுன் இதை ஊரில் எடுத்துரைத்தால் பேருதவியாகும்.

அளவுக்கு மீறிய பளுவும் இத்தகையதே. 2019-ம் வருஷத்துத் திருத்தப்படி அதிக பாரத்திற்கு 20,000 ரூபாயும், மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கலாம். பத்து மூட்டையை அதிகமாக ஏற்றி மிச்சம் பிடித்தது, ஒரே சோதனையில் போய்விடும். தேய்ந்த பிரேக்கும் வெடித்த டயரும் அதற்கு முன்பே போயிருக்கும்.

6. வழியும் மார்க்கெட்டும்

மார்க்கெட்டுக்குப் போகும் வழி என்றும் ஒரேமாதிரி இருக்குமென்று எண்ணலாகாது. ஸ்ரீரங்கத்தையும் நகரத்தையும் இணைக்கும் 1976-ம் வருஷத்துக் காவிரிப் பாலம் 2022-ம் வருஷக் கடைசியில் பழுதுபார்ப்பதற்காகப் போக்குவரத்துக்கு மூடப்பட்டு 2023-ல் திறக்கப்பட்டது. அந்நாட்களில் வடகரையிலிருந்து வரும் வண்டிகள் சுற்றிச் செல்ல நேர்ந்தது. 2020-ம் வருஷத்துக் கொரோனாக் காலத்தில் காந்தி மார்க்கெட் மூடப்பட்டு, மொத்த வியாபாரம் பல மாதங்கள் பொன்மலை ஜி கார்னர் மைதானத்தில் நடந்தது. மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் வணிக வளாகம் கட்டப்பட்டது. பஞ்சப்பூரிலும் புதிய மொத்தக் காய்கனி மார்க்கெட்டுக்குத் திட்டம் எடுக்கப்பட்டிருக்கிறது. ஆகையால் வண்டிக் கணக்குப் போடுகிறவர் போகவர பத்து இருபது கிலோமீட்டர் கூடினாலும் கட்டுபடியாகுமா என்று பார்த்துக்கொள்வது விவேகம்.

நெருக்கமான மார்க்கெட் சந்துகளில் நீளம் குறைந்த வண்டி எளிதில் திரும்பும். இறக்குகூலிக்காரர்கள் தட்டு வரை வந்து இறக்கவும் வசதியாகும். சற்றுப் பெரிய வண்டிதான் கௌரவம் என்று எண்ணி வாங்கி, மண்டிக்கு எட்டத்தில் நிறுத்தித் தலைச்சுமைக்குத் தனிக்கூலி கொடுப்பது புத்திசாலித்தனமன்று.

முடிவாக, விவசாயிகள் மேற்சொன்னவற்றை வரிசையாக மனத்திற் கொள்ள வேண்டும். முதலில் நடைக் கணக்கு, பிறகு சரக்கின் எடை, அதன்பின் வண்டியின் உடல், பின்பு தஸ்தாவேஜு, கடைசியில் விலை. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, மலிவான விலையைக் கேட்டு முதலில் முன்பணம் கொடுத்துவிட்டு மற்றவற்றைப் பிறகு விசாரிப்பவர்களே பெரும்பாலும் நஷ்டமடைகிறார்கள். இம்முறைப்படி பார்த்து வாங்கி, இன்ஜின் ஆயிலைக் காலந்தவறாமல் மாற்றி, தளத்தை நடைதோறும் கழுவி, அளவோடு பாரம் ஏற்றி வருவார்களாயின், அவ்வண்டி அவர்களுக்குப் பல வருஷம் உழைத்து, விளைந்த பொருளை வேளையோடு சந்தையில் சேர்த்து, செலவழித்த முதலை மீட்டுத் தருமென்பதில் சந்தேகமில்லை.